சொட்டு விழாத ரொட்டி

அத்தியாயம் 9

"மேடம், ஒண்ணு கேட்கலாமா? போன தடவை அந்த நாய் என் பேன்ட்டோட பின்பக்கத்தைத்தான் கிழிச்சுது. முன்பக்கமும் போகட்டும்னு ஏதாவது வேண்டுதலா?"

உதவியாளன் பாதுரி வண்டியை இரண்டாவது கியரில் முனக விட்டுக்கொண்டே கேட்டான். பதூமியிலிருந்து புறப்பட்ட நேரம் முதல் ஒரே புலம்பல். குரியா மலைப்பாதை என்றால் அவனுக்கு எப்போதுமே ஆகாது. மழை விட்டாலும் மூடுபனி விடாது. மூடுபனி விலகினால் நடுரோட்டில் பன்றி நிற்கும். இப்போது நின்ற பன்றி ஹாரனுக்கும் அசையவில்லை. குரியாக்காரர்களிடம் வளர்ந்த பன்றிக்கும் வீம்பு இருக்கும்தானே?

துப்பறியும் நிபுணர் ரூசுடன் என்கிற அந்த மேடம் பக்கத்து இருக்கையில் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது, நரைத்த கிராப்பு, யாரிடமும் குரலை உயர்த்தாத சுபாவம். அந்த மெல்லிய குரலைக் கேட்டுத்தான் பதூமியில் பல திருடர்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

"இன்னைக்கு நாயைக் கட்டிப் போட்டிருப்பாங்க, பாதுரி. நாற்பதாம் நாள் சாப்பாடு. செத்தவனுக்காக ஒரு வாய் குடிக்க வந்தேன்னு சொன்னா, எதிரியா இருந்தாலும் வெளியே தள்ள முடியாது. தள்ளினா அப்புறம் அந்த வீட்டுல யாரும் கை நனைக்க மாட்டாங்க."

"ஆக, ஓசிச் சாப்பாட்டுக்குப் போறோம்."

"துப்பறியப் போறோம்."

"சாப்பிட்டுக்கிட்டே துப்பறியறோம். இந்த மாதிரி கேஸாப் பார்த்துப் பிடிங்க மேடம், நான் சம்பளமே கேட்க மாட்டேன்."

பின் இருக்கையில் இருந்த லமாரா சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையிலா இருந்தாள் அவள்? கணவன் ஓனிசேயை, வெள்ளம் புரண்ட சுப்ஸா ஆற்றில் தொங்குபாலத்திலிருந்து பிடித்துத் தள்ளிக் கொன்றவள் என்று மாமியாரே போலீஸில் சாட்சி சொல்லியிருந்தாள். உடல் கிடைக்கவில்லை, அதனால்தான் ஜாமீனாவது கிடைத்தது. திங்கட்கிழமை வழக்கு. பெற்ற தாய் கூண்டில் நின்று 'என் கண்ணால் பார்த்தேன்' என்று மாரில் அடித்துக்கொண்டு அழுதால், எந்த நீதிபதி மருமகளை நம்புவார்? அதுவும் கிழக்கே ககேத்தியிலிருந்து குரியாவுக்கு வாழ வந்தவளை! ககேத்தியில் திராட்சை பயிரிடும் அவளுடைய அப்பா, மகள் ஆயுசுக்கும் சிறையில் கிடந்துவிடுவாளே என்று பதறிப்போய் ரூசுடனைத் தேடிப் பிடித்திருந்தார்.

"நான் உள்ளே வந்தா கல்லை எடுத்து அடிப்பாங்க" என்றாள் லமாரா.

"நீ வண்டியிலேயே இரும்மா. கூப்பிட்டா மட்டும் வா."

"எதுக்குக் கூப்பிடுவீங்க?"

"அது எனக்கே இன்னும் தெரியலை."

பாதுரிக்குத் தெரிந்திருந்தது. அவனுடைய தீர்ப்பு முதல் நாளே எழுதப்பட்டுவிட்டது. ஓனிசேயின் அண்ணன்காரன் டொமென்டிதான் கொலைகாரன். ஐந்து தலைமுறைத் தோட்டம், இரண்டே வாரிசுகள்; ஒருவன் போனால் மற்றவனுக்கு முழுசும். தாய்க்காரி மிச்சமிருக்கும் பிள்ளையைக் காப்பாற்ற மருமகள் தலையில் பழியைப் போட்டுவிட்டாள். இதைக் கண்டுபிடிக்க மேடத்துக்கு இத்தனை நாளா?

"சரி, நீ டொமென்டியைப் பார்த்துக்கிட்டே இரு" என்றாள் ரூசுடன். "தம்பிக்காகக் குடிக்கும்போது அவன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு கவனி. கோர்ட்டுல சாமி படத்து மேல கை வெச்சுப் பொய் சொல்லிடலாம். பந்தியில சொல்றது கஷ்டம்."

---

ஓனிசே குடும்பத்தாரின் சனுக்வாட்ஸே பண்ணை வாசல் விரியத் திறந்திருந்தது. கல் தூண்களின் மேல் நின்ற பழைய மரவீடு, செதுக்கல் வேலை செய்த தாழ்வாரப் பலகைகள், முற்றத்தைச் சுற்றி ஓங்கிய மரங்கள். மரங்களில் ஏறிப் படர்ந்த திராட்சைக் கொடிகளில் ச்காவேரி ரகக் குலைகள் இன்னும் தொங்கின. பனி விழுந்து பழம் சுருங்கினால்தான் இங்கே அறுவடை. மரத்தில் ஏறி, கூடையைக் கயிற்றில் இறக்க வேண்டும். ஒரு காலத்தில் இந்த ஒயின் பதூமித் துறைமுகத்தில் கப்பலேறிப் போனது. இப்போது வெளிநாட்டுக்காரன் எல்லாம் நேரே ககேத்திக்குப் போய்ப் போட்டோ எடுத்துக்கொள்கிறான். குரியாவில் ஒயின் உண்டா என்று கேட்பவனே அதிகம். அந்த வயிற்றெரிச்சல் இந்த ஊரில் கைக்குழந்தைக்குக்கூட உண்டு.

வாசலில் டொமென்டி நின்றான். கதவை அடைக்கும் தோள், நாலு நாள் தாடி.

"மறுபடியும் நீங்களா? போன வாரம் ஒயின் வாங்க வந்த வியாபாரின்னு கதை விட்டீங்க."

"வாங்கத்தான் வந்தோம். நீங்கதான் விலை சொல்றதுக்குப் பதிலா நாயை அவிழ்த்து விட்டீங்க" என்றான் பாதுரி.

"என் நாய்க்கு மனுஷன் யாரு, மத்தவன் யாருன்னு நல்லாத் தெரியும்."

"தெரியும் தெரியும். நல்ல சதை எங்கே இருக்குன்னும் தெரியும்."

ரூசுடன் குறுக்கே வந்தாள். "ஓனிசேயோட ஆத்மாவுக்காக ஒரு வாய் குடிச்சுட்டுப் போறோம்."

கையில் தட்டோடு போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். கிழவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டொமென்டியின் தாடை இறுகியது. அவன் மட்டும் தனியாக இருந்திருந்தால் இரண்டு பேரையும் பிடரியைப் பிடித்து ரோட்டில் எறிந்திருப்பான். ஊரே பார்க்கிறதே!

"வந்து கொட்டிக்கிட்டுப் போங்க. தொண்டையில சிக்கினா நான் பொறுப்பில்லை."

முற்றத்தில் தார்ப்பாய்க்குக் கீழே நீளமான மேஜைகள். பக்கத்திலேயே, மண்ணில் கழுத்துவரை புதைத்த ஒயின் தாழிகளின் மூடிகள் ஈரத்தில் மின்னின. அவற்றுக்கு அப்பால் திராட்சை மிதிக்கும் கொட்டகை. மேஜையின் தலைமாட்டில் கறுப்பு நாடா கட்டிய ஓனிசேயின் படம், அதற்கு முன் ஒரு மெழுகுவத்தி. படத்துக்குப் பக்கத்தில் தாய் அக்ராஃபினா. அந்த அம்மாள் அழுது ஓய்ந்தவள் மாதிரித் தெரியவில்லை. சண்டைக்கு இடைவேளை விட்டவள் மாதிரித் தெரிந்தாள்.

"டொமென்டி, அவங்களைக் கடைசியில தள்ளாதே. எனக்கு எதிர்லயே உட்கார வை. என் பிள்ளையைக் கொன்னவ காசுல வந்தவங்க, என் வீட்டுச் சோத்தை எப்படி முழுங்கறாங்கன்னு நான் பார்க்கணும்."

"நல்லாவே முழுங்குவேன்ம்மா, கவலைப்படாதீங்க" என்று பாதுரி வாய்க்குள் சொல்லிக்கொண்டான். ஆட்டுக்கறி போட்டுக் குழைய வேகவைத்த சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது.

பந்தியை நடத்தி, இன்னாருக்காகக் குடிப்போம் என்று முறையாகச் சொல்கிற தமாதா யாரென்று பார்த்தால், இன்ஸ்பெக்டர் எர்மிலே! லமாராவின் கையில் விலங்கு மாட்டிய அதே ஆசாமி. தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, துடைக்கும் துணியைக் கழுத்தில் சொருகியிருந்தார்.

"என்ன ரூசுடன், பதூமியில கேஸ் வறட்சியா? எங்க ஊர்ல வந்து பிழைக்கிற நிலைமையாப் போச்சு?"

"உங்க ஊர்ல இன்ஸ்பெக்டரே பந்தி விசாரிக்கப் போயிட்டாரு. கேஸை விசாரிக்க யாராவது வேணுமே."

மேஜைக் கோடியில் ஒரு கிழவர் கொக்கரித்துச் சிரித்தார். பக்கத்துக் கிழவி அவரைக் குத்தியதும் இருமலாக மாற்றிக்கொண்டார். எர்மிலேயின் காது சிவந்தது.

"குடிச்சுப் பாரு தம்பி" என்றாள் அக்ராஃபினா, பாதுரியின் டம்ளரைக் காட்டி. "அந்த ககேத்திக்காரி வந்த அன்னைக்கே சொன்னா, இது என்ன, ரோஜாப்பூ கழுவின தண்ணியான்னு. அவங்க ஊர்க் கறுப்பு ஒயினைப் பேனாவுல ஊத்தி எழுதலாம்! அதைக் குடிச்சு வளர்ந்தவளுக்கு வேற என்ன புத்தி இருக்கும்?"

பாதுரி ஒரு மிடறு வைத்துப் பார்த்தான். வெளிறிய ரோஜா நிறம், மெல்லிய புளிப்பு, முடிவில் காட்டுப் பழத்தின் வாசனை. அட, பிரமாதமாக அல்லவா இருக்கிறது! இதைப் போய் யாரும் கண்டுகொள்வதில்லையே என்று அவனுக்கே கோபம் வந்தது. ஆனால் இந்த அம்மாள் முகத்துக்கு நேரே அதைச் சொல்வதா? வாயை மூடிக்கொண்டான்.

---

எர்மிலே எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். சாவுப் பந்தியில் டம்ளரோடு டம்ளர் மோதுவதில்லை. கூட்டம் சத்தமில்லாமல் நின்றது.

"நம்ம ஓனிசேக்காக. ஆத்துக்குப் பலியான பிள்ளை. கல்லறையில படுக்கக்கூடக் கொடுத்து வைக்காத பிள்ளை. அவனோட ஆத்மா சாந்தியடையட்டும்."

அவரவர் எதிரில் இருந்த ரொட்டித் துண்டில் நாலு சொட்டு ஒயினைச் சாய்த்துவிட்டு, மீதியைக் குடித்தார்கள். செத்தவர் பங்கு ரொட்டிக்கு, இருப்பவர் பங்கு தொண்டைக்கு. பாதுரியின் கை தானாகச் சாய்ந்து சொட்டியது. மாமா, சித்தப்பா என்று எத்தனை பேருக்குச் செய்த கை. கண் மட்டும் டொமென்டி மேல் இருந்தது.

டொமென்டியோ பெரிய ஜாடியைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக ஒயின் ஊற்றிக்கொண்டிருந்தான். அவன் குடிக்கவும் இல்லை, முகம் மாறவும் இல்லை. சே!

"மேடம், அவன் சிக்க மாட்டேங்கறான்."

"உட்கார்ந்து சாப்பிடு."

இதைவிட நல்ல உத்தரவு பாதுரியின் உத்தியோக வாழ்க்கையில் வந்ததில்லை. சோறு போனது, பீன்ஸ் குழம்பு போனது, ஒயின் ஊறிய தன் ரொட்டியும் போனது. குழம்பு மட்டும் மிச்சம். எதிரே அக்ராஃபினா யாரோ ஒரு பெண்ணின் தோளில் சாய்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள்; அவளுக்கு முன்னால் ஒரு முழு ரொட்டித் துண்டு அனாதையாகக் கிடந்தது. பாதுரி நைசாகக் கையை நீட்டி அதை இழுத்தான். கடித்தான். வறவறவென்று இருந்தது. குழம்பில் தோய்த்துத்தான் உள்ளே தள்ள முடிந்தது.

ரூசுடன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டு விழும் என்று நினைத்தான். விழவில்லை.

பரிமாறிய பெண் அக்ராஃபினாவுக்கு முன்னால் வேறு ரொட்டி வைத்துவிட்டுப் போனாள். எர்மிலே மறுபடி எழுந்தார். இந்த முறை அந்த வீட்டுப் பெரியவருக்காக, அக்ராஃபினாவின் கணவருக்காக. அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. அக்ராஃபினா டம்ளரைத் தாராளமாகச் சாய்த்தாள். ரொட்டி ரோஜா நிறத்தில் ஊறியது. அடுத்து, இந்த வருஷம் ஊரில் போனவர்களுக்காக.

"முக்கியமா நம்ம தபால்காரர் கார்ப்பே. கீழ் ரோட்டுல சைக்கிள்ல போன மனுஷனை எந்தப் படுபாவியோ வண்டியால இடிச்சுத் தள்ளிட்டு நிக்காமப் போயிட்டான். அதுக்கு மறுநாள்தான் ஓனிசே ஆத்தோட போனான். எப்படிப்பட்ட வாரம் அது!"

அக்ராஃபினா மறுபடியும் சாய்த்தாள். ரொட்டி தாங்காமல் தட்டில் வழிந்தது.

ரூசுடன் பாதுரியின் காதருகே குனிந்தாள். "நீ அந்தம்மாகிட்ட திருடித் தின்னியே ரொட்டி. எப்படி இருந்துச்சு?"

"மன்னிச்சுக்குங்க மேடம், குழம்பு மிச்சம் இருந்துச்சு..."

"எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன்."

"காஞ்சு கிடந்துச்சு. எலும்பு மாதிரி."

"நீ அதை எடுக்கறதுக்கு முன்னாடி நாம யாருக்காகக் குடிச்சோம்?"

பாதுரியின் வாயில் இருந்த சோறு அப்படியே நின்றது. ஓனிசேக்காகக் குடித்தார்கள். எல்லோர் ரொட்டியிலும் சொட்டு விழுந்தது. பெற்ற தாயின் ரொட்டி காய்ந்து கிடந்தது! புருஷனுக்குச் சாய்த்தவள், தபால்காரருக்குச் சாய்த்தவள், மகனுக்குச் சாய்க்கவில்லை.

"தாய் மனசு மேடம்" என்றான் மெதுவாக. "உடம்பு கிடைக்கலை இல்லையா? வந்துடுவான்னு ஒரு நப்பாசை இருக்கும்."

"நப்பாசை இருக்கிறவ நாற்பதாம் நாள் பந்தி வைப்பாளா? 'அவன் வருவான்'னு வாசல்லயே உட்கார்ந்திருப்பா. இந்தம்மா பிள்ளை செத்ததைக் கண்ணால பார்த்தேன்னு சாட்சி சொன்னவ. பொய்ச் சாட்சி சொல்லலாம், போலிப் பந்தி வைக்கலாம், ஒப்பாரியும் வைக்கலாம். உயிரோட இருக்கிற பிள்ளை பேர்ல மட்டும் ரொட்டியில ஊத்த முடியாது. அது நாமளே அவனுக்குச் சாவைக் கூப்பிட்ட மாதிரி. இங்க எவளும் செய்ய மாட்டா."

"ஐயய்யோ! அப்படின்னா அவன்..."

"கத்தாதே. வாயில இருக்கிறதை முழுங்கு."

பாதுரி முழுங்கினான். அடப்பாவிகளா! ஒருத்தி ஆயுசுக்கும் கம்பி எண்ணப் போகிறாள், இவர்கள் உயிரோடிருப்பவனுக்குத் திதி கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வாழ்நாளில் முதல் முறையாக அவனுக்குச் சாப்பாடு கசந்தது.

"எங்கே மேடம் வெச்சிருப்பாங்க?"

"தெரியலை. அந்தம்மா வாயிலேருந்து வராது, அது இரும்பு. வேற யாரோ உளறணும். பார்க்கலாம்."

---

ரூசுடன் டம்ளரோடு எழுந்து நின்றாள். தமாதா அழைக்காமல் ஒருவர் எழுவது மரியாதைக் குறைவு. அதுவும் அவள் எழுவதா! மேஜை முழுக்க முணுமுணுப்பு.

"உட்காருங்க!" என்றார் எர்மிலே. "இது பதூமி ஓட்டல் இல்லை."

"ஒரே ஒரு வேண்டுகோள், இன்ஸ்பெக்டர். அதுக்கப்புறம் நான் இந்தக் கேஸையே விட்டுட்டுப் போயிடறேன். திங்கக்கிழமை கோர்ட்டுக்கும் வர மாட்டேன்." அவள் குரல் எப்போதும்போல மெல்லியதுதான். "அக்ராஃபினா அம்மா ஓனிசேக்காகக் குடிச்சப்போ ரொட்டியில ஊத்தலை. மறந்திருப்பாங்க. இப்போ ஊத்தட்டும். நாலே சொட்டு."

முணுமுணுப்பு நின்றது.

"என்ன பேச்சு பேசறே?" டொமென்டி ஜாடியோடு அருகே வந்துவிட்டான். "பிள்ளையை இழந்தவகிட்ட வந்து கணக்குப் பார்க்கிறியா? வெளியே போடி!"

"போறேன். ஊத்தினதும் போறேன்."

"அவ மனசு உடைஞ்சு கிடக்குது, அம்மணி" என்றார் எர்மிலே. "ஏதோ கை தவறியிருக்கும்."

"தபால்காரருக்குத் தவறலையே."

எல்லோர் கண்ணும் அக்ராஃபினாவின் தட்டுக்குப் போய்விட்டு அவள் முகத்துக்கு வந்தது. பக்கத்தில் இருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் எத்தனை பேர் தங்கள் பிள்ளைக்கு ஊற்றியவர்களோ! ஒரு தாய் அதை மறப்பாளா என்று அவர்களுக்குத் தெரியாதா?

அக்ராஃபினா எழுந்தாள். நிதானமாக ஒரு புது ரொட்டியை எடுத்து நடுமேஜையில் வைத்தாள்.

"காட்டணுமா உனக்கு? நல்லாப் பாத்துக்கோ. பாத்துட்டு ஓடிப் போ."

டம்ளரைத் தூக்கினாள். பாதுரி பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டான். ஊற்றிவிடுவாளோ? ஊற்றிவிட்டால் கேஸ் அவ்வளவுதான். மேடம் வாக்குக் கொடுத்துவிட்டாளே! டம்ளர் சாய்ந்தது. விளிம்புக்கு ஒயின் வந்தது.

"என் மகன் ஓனிசேயோட ஆத்மா..."

"அம்மா, வேண்டாம்!"

ஜாடி கீழே விழுந்து உடைந்தது. டொமென்டி மேஜை மேலேயே பாய்ந்து தன் இரண்டு உள்ளங்கைகளையும் ரொட்டிக்கு மேலே குவித்துப் பிடித்தான். ஒயின் அவன் கையில் விழுந்தது. ரொட்டியில் ஒரு சொட்டு விழவில்லை.

"உயிரோட இருக்கிறவன் பேர்ல ஊத்தாதேம்மா! தம்பிக்கு ஏதாவது ஆயிடும்!"

சொல்லிவிட்டான். அவ்வளவு பெரிய உருவம், ஊரே பயப்படும் முரடன், குவித்த கையோடு மேஜை மேல் முழங்கால் போட்டபடி நின்றான். தான் என்ன சொன்னோம் என்பது அப்புறம்தான் அவன் மண்டையில் ஏறியது. கையிலிருந்ததைத் தரையில் விடவும் பயந்து, சட்டையிலேயே தேய்த்துக்கொண்டான்.

"முட்டாப் பயலே" என்றாள் அக்ராஃபினா. அந்த ஒரு வார்த்தையில் அத்தனை வெறுப்பு. "கையைக் கட்டிக்கிட்டுச் சும்மா நிக்க முடியலையாடா உன்னால? சாமிகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கிட்டிருப்பேனே. போலீஸ்கிட்ட யாரு கேட்கிறது?"

எர்மிலே கழுத்துத் துணியோடு உறைந்து நின்றார். "டொமென்டி... என்ன சொன்னே நீ?"

"பந்தி முடிஞ்சுது, இன்ஸ்பெக்டர்" என்றாள் ரூசுடன். "இனிமேலாவது கேஸை விசாரிங்க."

டொமென்டி பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தான். எல்லாம் தானாக வந்தது. தம்பி குடித்துவிட்டு வண்டியை ஓட்டியது. கீழ் ரோட்டில் கார்ப்பேயை இடித்தது. இறங்கிப் பார்த்தால் மனிதர் செத்துக் கிடந்தது. ஜெயிலுக்குப் போக வேண்டாம், ஆற்றோடு போனதாக இருக்கட்டும் என்றாள் தாய். ஊர் அடங்கியதும் துருக்கிக்கு அனுப்பிவிடலாம் என்று ஏற்பாடு.

"அப்போ உன் மருமகளைப் பார்த்தேன்னு சொன்னது?" எர்மிலே அக்ராஃபினாவின் பக்கம் திரும்பினார்.

"நீதானே வந்து கேட்டே, உடம்பு எங்கே, சாட்சி எங்கேன்னு?" அக்ராஃபினா அவர் மேலேயே பாய்ந்தாள். "சாட்சி வேணும்னே, கொடுத்தேன். தானா விழுந்தான்னா நீ நம்பியிருப்பியா? யாரோ தள்ளினதாத்தானே சொல்லணும்? எங்க ஊர்க்காரங்க யாரையாவது சொல்ல முடியுமா?"

பாதுரியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "எங்கேடா உன் தம்பி?" என்று டொமென்டியின் சட்டையைப் பிடித்தான். தன்னைவிட இரண்டு மடங்கு ஆளைப் பிடித்திருக்கிறோம் என்பதே அவனுக்கு உறைக்கவில்லை. டொமென்டி கொட்டகைப் பரணை நிமிர்ந்து பார்த்தான்.

"ஓனிசே, இறங்கி வாடா. போதும்."

பரணிலிருந்து ஏணி வழியாக ஒருவன் இறங்கினான். பெண்கள் அலறிக்கொண்டு சிலுவை அடையாளம் போட்டார்கள். படத்தில் இருந்த அதே முகம். கன்னம் மட்டும் படத்தைவிடக் கொஞ்சம் உப்பியிருந்தது. சாவு அவனுக்கு நன்றாகவே ஒத்துக்கொண்டிருந்தது.

ரூசுடன் பாதுரியைப் பார்த்துத் தலையசைத்தாள்.

அவன் வாசலுக்கு ஓடினான். வழியெல்லாம் வார்த்தையைத் தேடினான். எப்போதும் முந்திக்கொண்டு வரும் நாக்கு இப்போது ஒட்டிக்கொண்டது. கார்க் கதவைத் திறந்து, "உள்ளே வாங்கம்மா" என்றான். "அவரு... உயிரோட இருக்காரு."

லமாரா ஓடினாள். விதவைக் கோலத்துக் கறுப்புப் பாவாடை சேற்றில் புரள, கழுத்தோடு இறுக்கிக் கட்டிய கறுப்புத் துணி தலையிலிருந்து நழுவ ஓடினாள். யாரும் கல்லை எடுக்கவில்லை. கூட்டம் தானாக விலகியது. நேரே போய் ஓனிசேயின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கியா? நிஜமாவே இருக்கியா? கரையெல்லாம் தேடினேனே உன்னை! கடல் வரைக்கும் நடந்தேனே!"

சிரித்தாள், அழுதாள், அவன் தலையில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டாள். பாதுரிக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் கூட்டத்தில் அவனுக்காக உண்மையாக அழுதவள் இவள் ஒருத்திதான் போலிருக்கிறது.

அப்புறம் அவள் கை மெல்ல நின்றது.

"இங்கேயா இருந்தே?"

ஓனிசே தலையைக் குனிந்தான்.

"என்னை விலங்கு மாட்டிக் கூட்டிட்டுப் போனப்போ?"

"லமாரா, நான் சொல்றதைக் கேளு..."

"இதே முற்றம் வழியாத்தானே கூட்டிட்டுப் போனாங்க? நான் உன் பேரைச் சொல்லித்தானே கத்தினேன். பரண்லேருந்து கேட்டுச்சா, இல்லையா?"

அவன் திரும்பித் தாயைப் பார்த்தான். அந்தப் பார்வை போதுமானதாக இருந்தது. லமாரா தன் கைகளை அவன் முகத்திலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"பொம்பளைக்குக் கொஞ்ச நாள்தான் போடுவாங்க, அப்புறம் விட்டுடுவாங்கன்னு அம்மா சொன்னா" என்றான் ஓனிசே, யாருக்கும் கேட்காத குரலில். எல்லோருக்கும் கேட்டது.

எர்மிலே கழுத்துத் துணியை உருவிப் போட்டுவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு அவன் தோளில் கை வைத்தார். அக்ராஃபினா மட்டும் அப்போதும் இறங்கி வரவில்லை. மேஜையின் தலைமாட்டில் நின்றபடியே மருமகளைப் பார்த்து அதட்டினாள்.

"என்ன பார்த்துக்கிட்டு நிக்கறே? புருஷன் உயிரோட இருக்கான். அந்தக் கறுப்பைக் கழட்டு. என் வீட்டு முற்றத்துல அபசகுனமா நிக்காதே!"

லமாராவின் கை கழுத்து முடிச்சுக்குப் போனது. அவிழ்க்கப் போகிறாள் என்றுதான் பாதுரி நினைத்தான். ஊரும் அப்படித்தான் நினைத்தது. அவள் நழுவிய துணியை நெற்றிவரை இழுத்துவிட்டு, முடிச்சை இன்னும் ஒரு சுற்று இறுக்கினாள்.

"இல்லை, அத்தை. என் புருஷன் இப்பத்தான் செத்தான்."